பட்டு ஊரில் ஒரு கால் கவசம்!

காஞ்சிபுரத்துக்குக் கிளம்புகிற பெண்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கும். காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள். நடுவில் ஒரு பட்டுக் கடை. முடிந்தால் மிளகும் சுக்கும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர்தானே, இருட்டுவதற்குள் வீடு திரும்பி விடலாம்!

எங்கள் பட்டியலில் இந்தத் தடவை இன்னும் ஒரு பெயர் சேர்ந்தது. தூசி மாமண்டூர். காஞ்சியிலிருந்து வந்தவாசி போகிற சாலையில் பாலாற்றைத் தாண்டிப் போக வேண்டும். இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பெரிய ஏரி; அதை ஒட்டினாற்போல் ஒரு பாறைக் குன்று; அதில் குடைந்த நான்கு பல்லவர் குடைவரைகள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அவன் எழுதிய 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகம் அந்தக் கல்வெட்டில் குறிப்பிடப்படுகிறது. அந்த நாடகத்தின் கதை நடக்கிற ஊரே காஞ்சிதான்!

குடைவரை வரைக்கும் போகப் பாதை உண்டு. ஆனால் குன்றைச் சுற்றி, ஏரிக்கரை ஓரமாக ஒரு நடை போய் வரலாம் என்று ஆசைப்பட்டால் பாதையாவது ஒன்றாவது! முட்டி உயரப் புல், சீமைக் கருவேல முள், நெருஞ்சி, புடவையில் ஒட்டினால் பிடுங்கவே வராத நாயுருவி. கல் இடுக்கில் என்ன படுத்திருக்கிறதோ, அது வேறு. கூட இரண்டு குழந்தைகள்.

அதனால்தான் கிளம்பும் முன்பே கால் கவசம் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. ஆங்கிலத்தில் கெய்ட்டர் என்கிறார்களே, அதுதான். செருப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் உள்ள காலைச் சுற்றிக் கட்டிக் கொள்ளும் துணிக் கவசம். 'பட்டுப் புடவைக்குப் பேர் போன ஊரைப் பற்றி எழுத வந்தவள், முரட்டுக் கித்தானைப் பற்றி எழுதுகிறாளே!' என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் துணியின் உழைப்பைப் பார்த்து வாங்கக் கற்றுக் கொள்ள காஞ்சிபுரத்தை விட நல்ல பள்ளிக்கூடம் எது, சொல்லுங்கள்!

தறிக்குழியில் கிடைத்த பாடம்

காலை ஏழு மணிக்கெல்லாம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய் விட்டோம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில். சுற்றுச்சுவரை ஒட்டி உள்ளே வரிசையாக 58 சிறு சன்னதிகள். குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கொண்டே ஓடினார்கள். வெயில் ஏறுமுன் போவதில் இன்னொரு சௌகரியம், வெறுங்காலுக்குக் கல் சுடாது.

கோயில் இருக்கிற பிள்ளையார்பாளையம் நெசவாளர்கள் நிறைந்த பகுதி. காலை நேரத்தில் தெருவிலேயே பாவு நீட்டி, கஞ்சி போட்டுக் காய வைக்கிற காட்சியைப் பார்க்கலாம். ஒரு வீட்டில் குழித்தறியில் வேலை நடந்து கொண்டிருந்தது. தறிக்கு முன்னால் தரையில் குழி. அதற்குள் காலைத் தொங்க விட்டு மிதியை மிதிக்க வேண்டும். அந்த வீட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொண்டிருந்தார்.

என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "ஏங்க, ஒரு துணி உழைக்குமா உழைக்காதான்னு எப்படிப் பார்க்கறது?" என்று கேட்டு விட்டாள்.

"தடவிப் பார்த்தா மட்டும் போதாதும்மா. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்க. நகத்தால லேசா கீறிப் பாருங்க, இழை நகருதான்னு. அப்புறம் ஓரத்தைப் பாருங்க. கிழியற துணி எப்பவும் ஓரத்துலதான் ஆரம்பிக்கும்" என்றார் அந்த அம்மா.

எத்தனை எளிமையாகச் சொல்லி விட்டார்! மலையேறுகிறவர்கள் கடை கடையாக ஏறி இறங்கித் தேடுகிற விஷயமும் இதேதான்.

காஞ்சிப் பட்டின் உறுதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நமக்கு மூன்று பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, இழையின் முறுக்கு. பட்டு இழைகளை இரண்டாக, மூன்றாகச் சேர்த்து முறுக்கித்தான் பாவுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒற்றை இழை எவ்வளவு பளபளத்தாலும் உழைக்காது.

இரண்டாவது, நெருக்கம். பாவும் ஊடையும் இடைவெளி இல்லாமல் அடித்து நெய்த துணியில் முள் நுழையத் தடுமாறும், இழையும் நகராது.

மூன்றாவது, இணைப்பு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் நெசவிலேயே கோத்துக் கொள்வதற்குக் கோர்வை என்று பெயர். முந்தானையை உடலோடு சேர்ப்பது பேட்னி. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாகச் சொல்வது இந்தக் கோர்வையால்தான். கால் கவசத்திலும் அப்படித்தான். நல்ல துணியை வாங்கி, ஒற்றைத் தையல் போட்டால் துணி இருக்கும், தையல் போய் விடும்.

டெனியர் கணக்கு

கடையில் கால் கவசம் வாங்கப் போனால் '500 டெனியர்', '1000 டெனியர்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பயந்து விடாதீர்கள். அது பட்டு உலகத்துக் கணக்குதான்! டெனியர் என்பது ஒரு பழைய பிரெஞ்சு நாணயத்தின் பெயர். பட்டு இழையின் கனத்தைச் சொல்ல வந்த சொல், பிற்பாடு நைலானுக்கும் வந்து விட்டது.

கணக்கு இவ்வளவுதான்: 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். பட்டுக் கூட்டிலிருந்து வரும் இழை சுமார் 2 அல்லது 3 டெனியர்தான். ஏழெட்டுக் கூடுகளைச் சேர்த்து இழுத்தால் 20 அல்லது 22 டெனியர் பட்டு நூல் கிடைக்கும். 1000 டெனியர் நைலான் என்றால் எத்தனை முரட்டு இழை என்று இப்போது புரிகிறதல்லவா?

எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்து விடாதீர்கள். டெனியர் சொல்வது இழையின் கனத்தைத்தான். நெசவின் நெருக்கத்தை அது சொல்லாது. பருமனான இழையைக் கலக்கமாக நெய்தால் வலை மாதிரி ஆகி விடும். அதனால் அந்த அம்மா சொன்னபடி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கத்தான் வேண்டும்.

நைலானா, கித்தானா?

காஞ்சி நகரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றின் மறுபக்கம் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. ஜின காஞ்சி என்று பெயர் பெற்ற சமணர் ஊர். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிக் கொடுத்த மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகளை ஓவியமாகப் பார்க்கலாம். பட்டுக்குப் பேர் போன ஊரின் பக்கத்திலேயே பருத்தியைப் பெயரில் வைத்துக் கொண்டு ஓர் ஊர்! அங்கே மர நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும்போது எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. கால் கவசத்துக்கு எந்தத் துணி நல்லது?

நைலான் லேசானது. நனைந்தால் சீக்கிரம் காயும். மழைக் காட்டுக்கு ஏற்றது. ஆனால் உட்புறம் தண்ணீர் புகாத பூச்சு போட்ட நைலானை நம் சமவெளி வெயிலில் கட்டிக் கொண்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். கால் வெந்து விடும்! வேர்வை போக வழியில்லாமல் வேர்க்குருவும், படையும் வரும். முள் கீறினால் அந்தப் பூச்சு உரிந்தும் போகும்.

பருத்திக் கித்தான் கனமானது. நனைந்தால் காய நேரமாகும். ஆனால் காற்று போகும், முள்ளைத் தாங்கும், கிழிந்தால் வீட்டிலேயே ஒட்டுப் போடலாம். ஆஸ்திரேலியாவில் பாதையில்லாத புதர்க்காட்டில் நடக்கிறவர்கள் இன்றைக்கும் பலர் கனமான கித்தான் கவசத்தையே விரும்புகிறார்கள். காஞ்சி, வந்தவாசி, செங்கல்பட்டு மாதிரி வறண்ட முள் நிலத்துக்கு நாமும் கித்தானுக்கே ஓட்டுப் போடலாம்.

வால்பாறை, கொடைக்கானல் மழைக்காடு, இலங்கையின் சிங்கராஜா காடு என்றால் கதை வேறு. அங்கே எதிரி அட்டை! அதற்கென்றே நெருக்கமான பருத்தித் துணியில் தைத்த நீளமான அட்டை உறை உண்டு. சாதாரண சாக்ஸின் கண்கள் வழியாக அட்டை வாயை நுழைத்து விடும். நெருக்கமாக நெய்த துணியில் அதற்கு வழியில்லை. பாதத்தையும் மூடி, ஷூவுக்குள் போட்டு, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிக் கொள்ள வேண்டும். வெளிர் நிறமாக இருந்தால் ஏறுகிற அட்டை உடனே கண்ணில் படும்.

ஆக, முதலில் எங்கே போகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் துணியைத் தேர்ந்தெடுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம் என்றும் நினைக்க வேண்டாம். பழைய புகைப்படங்களில் போலீஸ்காரர்கள் முழங்கால் வரை காக்கிப் பட்டை சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதற்குப் 'பட்டீ' என்று பெயர். அது 'பட்டி' என்ற இந்திச் சொல்லிலிருந்து போனது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவம் இங்கே கற்றுக் கொண்டு, 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போர் வரை தன் சிப்பாய்களின் காலில் சுற்றி விட்டது. நம் சரக்குதான், நமக்கே திரும்பி வருகிறது!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடையில் வாங்கினாலும் சரி, தைத்துக் கொண்டாலும் சரி, இவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்.

உயரம்: கணுக்கால் மட்டும் மறைக்கும் குட்டைக் கவசம் மணலும் புல் விதையும் ஷூவுக்குள் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். முள்ளுக்கும் பாம்புக்கும் முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வரை வர வேண்டும்.

திறப்பு: முன்பக்கம் திறப்பது சுலபம். உட்கார்ந்த இடத்திலேயே மாட்டலாம், கழற்றலாம். பின்பக்கம் ஜிப் வைத்தது வேண்டாம்; மண் புகுந்தால் ஜிப் ஓடாது. அகலமான வெல்க்ரோ ஒட்டுப்பட்டை நல்லது. அதன் மேலும் கீழும் ஒவ்வொரு டிச் பட்டன் இருந்தால் இன்னும் உறுதி.

அடிப்பட்டை: ஷூவின் அடியில் ஓடும் பட்டைதான் கவசம் மேலே ஏறாமல் பிடித்துக் கொள்கிறது. கல்லில் தேய்ந்து முதலில் அறுந்து போவதும் அதுதான்! ஆகையால் அது கவசத்தோடு சேர்த்துத் தைத்ததாக இருக்கக் கூடாது. பக்கிள் போட்டு, தேய்ந்தால் மாற்றிக் கொள்ளும்படி இருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கவனித்து வாங்கினால் கவசத்தின் ஆயுள் பல மடங்கு கூடும்.

கொக்கி: முன்பக்கம் கீழே ஒரு சின்னக் கொக்கி இருக்கும். ஷூ லேஸில் மாட்டுவதற்கு. பிளாஸ்டிக்கை விட உலோகக் கொக்கி மேல்.

தையல்: உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டிருக்க வேண்டும். இரண்டு கணுக்கால்களும் ஒன்றோடொன்று உரசுகிற உள்பக்கத்தில் இன்னொரு அடுக்குத் துணி இருப்பது விசேஷம்.

இறுக்கம்: மேலே நாடாவைக் கட்டிய பிறகு இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், காலில் நரம்பு சுருட்டிக் கொண்டவர்களும் இதை மறக்கவே கூடாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும்.

வீட்டிலேயே தைக்கலாம்!

கடைக் கவசத்தின் விலை கொஞ்சம் அதிகம்தான். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதா? அப்படியானால் கவலையை விடுங்கள். கனமான கித்தானோ, பழைய ஜீன்ஸ் பேண்டின் காலோ போதும். மெஷினுக்கு 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போட்டுக் கொள்ளுங்கள். நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். உங்கள் மெஷின் கித்தானை இழுக்காவிட்டால் சீட் கவர், தார்ப்பாய் தைக்கிறவர்களிடம் கொடுத்து விடலாம்.

நான்கு அளவு எடுக்க வேண்டும். ஷூ போட்ட நிலையில் கணுக்கால் சுற்றளவு. ஆடுசதையின் பெருத்த இடத்தின் சுற்றளவு. முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே ஒரு சுற்றளவு. அங்கிருந்து ஷூ லேஸின் முடிச்சு வரை உயரம். ஒவ்வொரு சுற்றளவோடும் தளர்வுக்கு 3 சென்டி மீட்டர், ஒன்றன் மேல் ஒன்று படிய 5 சென்டி மீட்டர், ஓர மடிப்புக்கு 3 சென்டி மீட்டர் சேர்த்துக் கொள்ளுங்கள். உயரத்தில் மேலும் கீழும் மடிக்க 6 சென்டி மீட்டர் கூட்டுங்கள். மேலே அகலம், கீழே குறுகல் என்று விசிறி மாதிரி வெட்டு வரும்.

மேல் ஓரத்தை மடித்து நாடா கோக்க இடம் விடுங்கள். கீழ் ஓரத்தில் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்தால் குதிகாலைக் கவ்விக் கொள்ளும். முன் ஓரங்களில் வெல்க்ரோ தையுங்கள். கீழே இரு பக்கமும் சின்ன வளையம் வைத்து, பைக்குப் போடும் நைலான் பெல்ட்டை அடிப்பட்டையாகக் கோர்த்து, பக்கிள் போட்டு விடுங்கள். அவ்வளவுதான்!

குழந்தைகளுக்குத் தைக்கும்போது பாவாடைக்கு டக் வைக்கிறோமே, அது மாதிரி உயரத்தில் ஒரு டக் வைத்துத் தைத்து விடுங்கள். அடுத்த வருஷம் பிரித்து விட்டால் சரியாக இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவனுக்கு அவன் அப்பாவின் பழைய ஜீன்ஸில் தைத்தேன். கிரிக்கெட் வீரர் மாதிரி இருக்கிறது என்று கழற்றவே மறுத்து விட்டான்!

துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டி விட்டுத் துவையுங்கள். இல்லாவிட்டால் நூல் பிசிறு எல்லாம் அதில் போய் அடையும். அடைந்து விட்டால் ஒரு ஊக்கால் மெதுவாக எடுத்து விடலாம். சேறு காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டி, நிழலில் உலர்த்துங்கள்.

மாமண்டூர் நடை

மாலை மூன்று மணிக்கு மாமண்டூர் போய்ச் சேர்ந்தோம். மழைக்காலம் முடிந்த தை மாதம். ஏரியில் தண்ணீர் மினுமினுத்தது. இந்த ஏரிக்குப் பல்லவர் காலத்தில் சித்திரமேக தடாகம் என்று பெயர். எத்தனை அழகான பெயர்! குடைவரையின் தூண்கள் கீழும் மேலும் சதுரமாக, நடுவில் எட்டுப் பட்டையாக, எந்த ஆடம்பரமும் இல்லாமல் நிற்கின்றன. பல்லவருக்கும் முந்திய பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இந்தக் குன்றில் உண்டு.

குன்றைச் சுற்றி நடக்கும்போதுதான் கவசத்தின் அருமை தெரிந்தது. நாத்தனார் சுடிதாரின் கீழ்ப் பகுதியைச் சேர்த்து உள்ளே விட்டுக் கட்டிக் கொண்டாள். புடவையோடு புதரில் நடப்பது கஷ்டம். நானும் அன்றைக்கு சுடிதாருக்கு மாறி விட்டேன். "அண்ணி, இங்கே பாருங்களேன்!" என்று அவள் காலைக் காட்டினாள். கித்தான் முழுக்க நாயுருவி விதை, ஊசிப்புல். முள் இழுத்த வெள்ளைக் கோடுகள் வேறு. காலில் ஒரு கீறல் இல்லை. ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி எங்கள் காலையே உற்றுப் பார்த்தார். அவர் காலில் ரப்பர் செருப்பு மட்டும்தான். முழங்கால் வரை ஆறிய கீறல்கள்.

கவசம் தடுக்கிற இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல், மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் வட தமிழ்நாட்டில் கூடுதலாகத் தென்படுகிறது. புதரில் நடந்து வந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரிக் கருப்புப் பொருக்கு தெரிந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். நேரத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகி விடும். வீடு திரும்பியதும் குளித்து, போட்டிருந்த துணிகளை உடனே துவைத்து விடுவது நல்லது.

பாம்பு பயமா?

இதுதான் முக்கியமான விஷயம். இந்தியாவில் 2000-இலிருந்து 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்! பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். கடிபடுகிற இடம் பெரும்பாலும் கால்தான்.

கித்தான் கவசம் போட்டால் பாம்பு கடிக்கவே கடிக்காது என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி விரியனின் பல் நீளமானது. ஆனால் தளர்வான, கனத்த துணி நடுவில் இருந்தால் விஷத்தின் பெரும்பகுதி துணியிலேயே தங்கி விட வாய்ப்புண்டு. அமெரிக்காவில் ஒரு விரியன் வகையை வைத்து நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையில், ஜீன்ஸ் துணி போர்த்திய போலிக் காலுக்குள் போன விஷம் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பாதத்தைக் கவசம் மறைக்காது. அதற்கு மூடிய ஷூவோ, கம்பூட்டோ கட்டாயம் வேண்டும். கையில் ஒரு கழி இருந்தால் புல்லைத் தட்டிக் கொண்டே போகலாம். பார்க்காத இடத்தில் கையையும் காலையும் வைக்காதீர்கள். இருட்டினால் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

தப்பித் தவறிக் கடித்து விட்டால் என்ன செய்ய வேண்டும்? கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, குச்சியோ ஸ்கேலோ வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல் எல்லாவற்றையும் உடனே கழற்றி விடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது.

அந்த மருந்துக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு சொந்தம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊர் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம். அங்கே 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளர்கள், அந்த வியாபாரத்தைச் சட்டம் தடுத்த பிறகு, விஷம் எடுக்கும் தொழிலுக்கு வந்தார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டு விடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கொடுப்பதுதான். இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாம் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு விஷயம். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கும். அதற்குக் கால் கவசம் உதவாது. கட்டிலும், நன்றாகச் செருகி விட்ட கொசுவலையும்தான் கவசம்.

யாருக்கு அவசியம்?

நாம் வருஷத்தில் ஒரு நாள் குன்றைச் சுற்றப் போகிறோம். பாட்டி தினமும் அதே புதரில் ஆடு மேய்க்கிறார். ஏரி வாய்க்கால் வேலைக்குப் போகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், கரும்புத் தோட்டத்தில் சோகை உரிக்கிறவர்கள் என்று கிராமத்தில் எத்தனை பெண்கள்! அட்டையில் 1000 டெனியர் என்று எழுதியிருக்கிற கவசம் அவர்கள் வாங்கும் கடைக்கு வருவதே இல்லை.

ஒரு பெரியவரின் பழைய ஜீன்ஸ் பேண்டில் இரண்டு கால் இருக்கிறது. அதிலேயே ஒரு ஜோடிக் கவசம் ஆகி விடும். உங்களுக்குத் தைக்கும்போது, கிராமத்தில் வயல் வேலை பார்க்கிற சித்தியோ, அத்தையோ, உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் அம்மாவோ யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு ஜோடி தைத்துக் கொடுங்களேன். அவருக்கு வெல்க்ரோ வேண்டாம், சேற்றில் ஒட்டாது. நாடா வைத்துத் தையுங்கள். கூடவே ஒரு ஜோடி மூடிய ஷூவும் வாங்கிக் கொடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது. 'இது என்ன வேஷம்' என்று முதல் நாள் சிரிப்பார்கள். முள் குத்தாமல் ஒரு வாரம் போனால் அவர்களே பக்கத்து வீட்டுக்கும் அளவு எடுத்து அனுப்புவார்கள்!

அடுத்த தடவை காஞ்சிக்குப் போகிறபோது பட்டுப் புடவையைத் தாராளமாக வாங்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, ஓரத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அப்படியே கித்தான் கடையிலும் ஒரு மீட்டர் கிழித்துக் கொண்டு வந்து விடுங்கள்.